நார்னியாவின் இரண்டாம் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது எப்படி

முதல் நார்னியா படம் முடிந்து எழுத்துகள் ஓடத் தொடங்கும்போதே "அடுத்த பார்ட் இருக்கா அத்தை?" என்று கேட்டுவிடுவார்கள். இருக்கிறது. நான்கு பிள்ளைகள் ஓர் அலமாரி வழியாக நார்னியா என்ற மாய நாட்டின் பனிக்காட்டுக்குள் போகும் கதை 2005-இல் படமாக வந்தது. அதே இயக்குநர் ஆண்ட்ரூ ஆடம்சன் 2008-இல் 'இளவரசன் காஸ்பியன்' கதையை எடுத்தார். சி. எஸ். லூயிஸ் அந்தப் புத்தகத்தை எழுதி வெளியிட்டது 1951-இல்.

பெரும்பாலான வீடுகளில் இந்த இரண்டாம் படத்தை முதல் படத்தின் சூட்டோடு சூடாகப் போட்டுவிடுகிறார்கள். பாதியில் சின்னது பயந்து எழுந்து போய்விடும். பெரியது "ஒரே சண்டைதான்" என்று சொல்லிவிடும். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் இரண்டில் ஆழமான கதை இதுதான். நமக்கு உயிரான ஓர் இடத்துக்குத் திரும்பிப் போகிறோம், அங்கே நம்மை அறிந்தவர் ஒருவர்கூட உயிரோடு இல்லை என்றால் எப்படி இருக்கும் என்பதைச் சொல்கிற கதை இது. அந்த வலி பிள்ளைகளுக்குப் பிடிபட வேண்டுமானால், படத்தைப் போடுவதற்கு முன்பே கொஞ்சம் வேலை செய்ய வேண்டும்.

நான் ஒரு பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். மே மாதம் தம்பி பிள்ளைகள் இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பெரியவளுக்குப் பதினொன்று, சின்னவனுக்கு ஏழு. அவர்களோடும் நூலகத்துப் பிள்ளைகளோடும் இந்தக் கதையைப் படித்தும் பார்த்தும் பழகியதில் எனக்குச் சரியென்று பட்ட முறையை எழுதுகிறேன். ஏழு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இது பொருந்தும். ஆறு வயதுக்குக் கீழே என்றால் இந்தப் படம் வேண்டாம், முதல் படமே போதும்.

புத்தகம் வாங்கும்போது

நார்னியாக் கதைகள் மொத்தம் ஏழு புத்தகங்கள், 1950 முதல் 1956 வரை ஆண்டுக்கு ஒன்றாக வெளிவந்தவை. ஆனால் இப்போது கடையில் கிடைக்கும் பெட்டித் தொகுப்புகளில், நார்னியாவின் காலவரிசைப்படி எண் போட்டிருக்கிறார்கள். அதில் அலமாரிக் கதைக்கு எண் 2, காஸ்பியன் கதைக்கு எண் 4. "இரண்டாம் புத்தகம் கொடுங்கள்" என்று கேட்டால் வேறு ஏதாவது கைக்கு வந்துவிடும். தலைப்பைப் பார்த்து வாங்குங்கள். வெளிவந்த வரிசையில் படிப்பதுதான் நல்லது என்பது என் கட்சி. லூயிஸ் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டிய கதவுகளை அதே வரிசையில் திறந்தால்தான் வியப்பு மிஞ்சும்.

பாலின் பேய்ன்ஸ் வரைந்த கோட்டுச் சித்திரங்கள் உள்ள பதிப்பாகப் பாருங்கள். ஏழு புத்தகங்களுக்கும் முதலில் படம் வரைந்தவர் அவர்தான். படத்தைப் பார்க்கும் முன்பே ரீப்பிச்சீப் என்ற எலி வாளோடும் கம்பீரத்தோடும் பிள்ளைகள் மனதில் வந்து உட்கார்ந்துவிடுவான்.

ஒரே நாளில் இரண்டு படம் வேண்டாம்

முதல் படத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் குறைந்தது ஒரு வாரம் விடுங்கள். கதைக்குள்ளேயே ஓர் இடைவெளி இருக்கிறது. இங்கிலாந்தில் அந்த நான்கு பிள்ளைகளுக்கும் ஓர் ஆண்டுதான் போயிருக்கிறது. நார்னியாவில் 1300 ஆண்டுகள் போய்விட்டன.

1300 ஆண்டு என்று சொன்னால் ஏழு வயதுப் பையனுக்கு ஒன்றும் புரியாது. நான் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் படத்தை எடுத்து வைத்துக்கொள்வேன். ராஜசிம்ம பல்லவன் அதைக் கட்டி ஏறக்குறைய 1300 ஆண்டுகள் ஆகின்றன. "அந்த ராஜா கோயிலைக் கட்டி முடிச்சுட்டு, கொஞ்ச நாள் வெளியூர் போயிட்டு இன்னிக்குத் திரும்பி வர்றார்னு வச்சுக்கோ. கடற்கரையில இறங்கினா என்ன பார்ப்பார்?" என்று கேட்பேன். சின்னவன் உடனே, "அவரோட ஆளுங்க யாருமே இருக்க மாட்டாங்க. டிக்கெட் வாங்கச் சொல்வாங்க" என்றான். அவ்வளவுதான். பீட்டரும் சூசனும் எட்மண்டும் லூசியும் கடற்கரையில் வந்து விழும்போது அவர்களுக்கு நேர்ந்தது என்ன என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

முதல் கதையைப் பிள்ளைகளே சொல்லட்டும்

இடையில் ஒரு சாயங்காலம், முதல் கதையை மறுபடி சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் சொல்ல வேண்டாம். பெரியது சொல்லட்டும், சின்னது திருத்தட்டும். சில விஷயங்கள் மட்டும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் கதை முழுவதும் அவற்றின் மேல்தான் நிற்கிறது.

கிறிஸ்துமஸ் தாத்தா கொடுத்த பரிசுகள் முதலில். பீட்டருக்கு வாளும் கேடயமும். சூசனுக்கு வில்லும் ஊதுகொம்பும். லூசிக்கு ஒரு சிறு கத்தியும், காயம் ஆற்றும் மருந்துக் குப்பியும். எட்மண்ட் அப்போது சூனியக்காரியிடம் போயிருந்ததால் அவனுக்குப் பரிசு இல்லை. இந்தப் பரிசு கிடைக்காத பையனைப் பிள்ளைகள் மறக்காமல் இருப்பது முக்கியம். இரண்டாம் படத்தில் அவன் நடந்துகொள்ளும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

அடுத்தது, அலமாரியை முதலில் கண்டுபிடித்தவள் லூசி. அவளை யாரும் நம்பவில்லை. எட்மண்ட் தானும் போய்ப் பார்த்துவிட்டு, பார்க்கவே இல்லை என்று பொய் சொன்னான்.

அப்புறம், அவர்கள் நார்னியாவிலேயே பல ஆண்டுகள் அரசாண்டு, வளர்ந்து பெரியவர்களான பிறகுதான் வெள்ளை மானைத் துரத்திக்கொண்டு போய் மறுபடி சிறுபிள்ளைகளாக அலமாரிக்கு வெளியே விழுந்தார்கள். இதை எல்லாப் பிள்ளைகளும் மறந்துவிடுகிறார்கள். ஏனென்றால் முதல் படத்தில் அது கடைசிச் சில நிமிடங்களில் ஓடிவிடுகிறது. ஆனால் இரண்டாம் படத்தில் பீட்டர் ஏன் எப்போதும் சிடுசிடு என்று இருக்கிறான் என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது. அரசனாக இருந்தவனை மறுபடி பள்ளிச் சீருடை போட்டு ரயிலுக்கு வரிசையில் நிற்கச் சொன்னால் எப்படி இருக்கும்? படத்தில் சுரங்க ரயில் நிலையத்தில் அவன் வலியப் போய்ச் சண்டை போடுவதைப் பார்த்து, "இவன் ஏன் இப்படி?" என்று பிள்ளைகள் கேட்டால், பதில் அவர்களிடமே இருக்க வேண்டும்.

முதல் மூன்று அத்தியாயங்களைப் படித்துக் காட்டுங்கள்

இந்தக் குறிப்பில் நீங்கள் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள்.

புத்தகத்தில் மொத்தம் 15 அத்தியாயங்கள். லூயிஸ் கதையை அந்த நான்கு பிள்ளைகளிடமிருந்துதான் தொடங்குகிறார். பள்ளிக்குப் போக ஒரு சின்ன ரயில் சந்திப்பில் பெட்டிகளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருக்கிறது. அடுத்த நொடி ஒரு காட்டுக்குள் நிற்கிறார்கள், பக்கத்தில் கடல். இது எந்த இடம் என்று அவர்களுக்குத் தெரியாது. நமக்கும் தெரியாது. காஸ்பியன் என்று ஒருவன் இருப்பதே மூன்றாவது அத்தியாயத்தின் கடைசியில் டிரம்ப்கின் என்ற குள்ளன் சொல்லித்தான் தெரியவரும்.

படம் இதைத் தலைகீழாக்கிவிட்டது. நள்ளிரவில் ஒரு கோட்டை, காஸ்பியனின் சித்தப்பா மிராஸின் மனைவிக்கு ஆண் குழந்தை பிறக்கிறது. வாரிசு வந்துவிட்டதால் காஸ்பியனைக் கொல்ல ஆட்கள் வருகிறார்கள், அவன் தப்பி ஓடுகிறான். சினிமாவுக்கு அது விறுவிறுப்பான தொடக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் படத்தை மட்டும் பார்க்கிற பிள்ளைக்கு, அந்த இடிபாடு எந்த இடம் என்று தானாகக் கண்டுபிடிக்கும் சந்தோஷம் கிடைக்காது.

அந்தக் கண்டுபிடிப்பை லூயிஸ் எவ்வளவு பொறுமையாகச் செய்கிறார் பாருங்கள். முதலில் கையில் இருக்கும் சாண்ட்விச்சைப் பங்கு போட்டுத் தின்கிறார்கள். பிறகு ஒரு பழைய ஆப்பிள் மரம். காட்டுக்குள் எப்படி ஆப்பிள்? யாரோ ஒரு காலத்தில் தோட்டம் போட்டிருக்கிறார்கள். அப்புறம் ஒரு சுவர், ஒரு வளைவு வாசல், கூரை இல்லாத ஒரு பெரிய கூடம். ஒரு கிணறு. பிறகு சூசன் கையில் ஒரு சின்னப் பொருள் கிடைக்கிறது. சதுரங்கக் குதிரை. அளவில் சாதாரணம்தான், ஆனால் கனமோ கனம், சுத்தத் தங்கம். குதிரையின் கண்ணுக்குச் சிவப்புக் கல் பதித்திருக்கிறது. ஒரு கண்ணில் மட்டும்தான் கல் இருக்கிறது, மற்றது உதிர்ந்துபோயிருக்கிறது. சூசனுக்குத் தொண்டை அடைக்கிறது. இதே மாதிரிக் காய்களை வைத்துத்தானே அவர்கள் அரசர்களாக இருந்தபோது விளையாடினார்கள்?

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுங்கள். "இது எந்த இடம்?" என்று கேளுங்கள். பெரியவள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து, "அவங்க வீடு அத்தை, அது அவங்க அரண்மனை" என்றாள். அவள் குரலில் ஒரு பதற்றம் இருந்தது. அவளாகவே கண்டுபிடித்ததால் வந்த பதற்றம் அது.

அப்புறம் திறந்து மிச்சத்தைப் படியுங்கள். இது தங்கள் பழைய அரண்மனை கேர் பாரவெல்தான் என்று பீட்டர் ஒவ்வொரு காரணமாக எடுத்துச் சொல்வான். ஐவிக் கொடிக்குப் பின்னால் ஒரு கதவு இருக்க வேண்டும் என்று தேடுவார்கள். கதவு இருக்கும். படியிறங்கிப் போனால் கருவூலம், அங்கே பரிசுகள். சூசனின் வில் இருக்கும், ஊதுகொம்பு இருக்காது. வெள்ளை மானைத் துரத்திய நாளில் அதைக் கையோடு எடுத்துப் போனவள் அவள்தான். அந்தக் கொம்பு இப்போது யாரிடம் என்ற கேள்வியோடு அன்றைக்கு நிறுத்துங்கள்.

ஆங்கிலம் சரளமாக வராத பிள்ளை என்றால் ஒரு பத்தி படித்து, அதைத் தமிழில் கதையாகச் சொல்லுங்கள். எங்கள் சின்னவனுக்கு அப்படித்தான். வரிக்கு வரி சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மேலே சொன்ன பொருள்களை ஒன்றுகூட விடாதீர்கள்: சாண்ட்விச், ஆப்பிள், கிணறு, குதிரைக்காய், கதவு, வில்.

மூன்றாம் அத்தியாயத்தில் டிரம்ப்கினைக் காப்பாற்றுவது வரும். அதோடு நிறுத்திவிடலாம். நாலு முதல் ஏழு வரை காஸ்பியனின் கதை, அதைப் படம் சொல்லிவிடும்.

படத்தைப் போடும் நாள்

படம் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். மதியம் இரண்டு மணிக்கு மேல் ஆரம்பியுங்கள், இரவில் வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். ஆங்கிலத்தில் பார்த்தால் வசன எழுத்துகளைப் போட்டுவிடுங்கள். இப்போது நார்னியாவை ஆளும் டெல்மரீன் ஆட்கள் பேசும் உச்சரிப்பு பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கடினமாக இருக்கும். மிராஸாக நடித்த செர்ஜியோ காஸ்டெலிட்டோ இத்தாலியர். அவர் படைத்தலைவனாக வரும் பியர்பிரான்செஸ்கோ ஃபாவினோவும் இத்தாலியர்தான். காஸ்பியனாக வரும் பென் பார்ன்ஸ் ஆங்கிலேயர் என்றாலும் அவர்களோடு ஒத்துப்போகிற மாதிரி பேசியிருக்கிறார்.

காஸ்பியன் புத்தகத்தில் ஒரு சிறுவன், படத்தில் இளைஞன். இதை முன்பே சொல்லிவிடுங்கள். புத்தகம் படித்த பிள்ளைகளுக்கு இதில் ஓர் ஏமாற்றம் வரும். சூசனுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு காதல் இழை ஓடும், கடைசியில் ஒரு முத்தமும் உண்டு. புத்தகத்தில் அப்படி எதுவும் கிடையாது. அதற்காக ரிமோட்டைத் தேட வேண்டியதில்லை. ஒரு நொடியில் போய்விடும்.

கடற்கரைக் காட்சி வரும்போது நான் ஒருமுறை நிறுத்துவேன். சுரங்க ரயில் நிலையத்தில் ரயில் வேகமாகக் கடந்து போகும், சுவர் பிய்ந்து பறக்கும், அதற்கு அப்பால் வெள்ளை மணலும் பச்சைக் கடலும். அது நியூசிலாந்தின் கதீட்ரல் கோவ் என்ற கடற்கரை. பெரிய ஆற்றுப் பாலக் காட்சிகளை ஸ்லோவேனியாவில் சோச்சா ஆற்றில் எடுத்தார்கள். உலகப்படம் வீட்டில் இருந்தால் இரண்டையும் தொட்டுக் காட்டுங்கள்.

அடுத்த சில நிமிடங்களில் அந்தச் சதுரங்கக் குதிரை வரும். படத்தில் எட்மண்ட் அதைத் தன்னுடையது என்று அடையாளம் சொல்வான். நீங்கள் ஒன்றும் பேசாதீர்கள். பிள்ளைகளே கத்துவார்கள். கருவூலத்தின் இருட்டில் பீட்டர் குச்சியில் துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டிருக்கும்போது எட்மண்ட் பையிலிருந்து ஒரு டார்ச் விளக்கை எடுத்து நீட்டுவான். "அந்த டார்ச்சைக் கவனிச்சுக்கோ" என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

லூசி பள்ளத்தாக்கின் ஓரத்தில் நிற்கும் காட்சி

ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒன்றின் விளிம்பில் வழி தெரியாமல் நிற்பார்கள். எதிர்ப்பக்கம், முதல் கதையில் அவர்களைக் காப்பாற்றிய சிங்கம் அஸ்லான் நிற்பதை லூசி பார்ப்பாள். மற்றவர்கள் திரும்புவதற்குள் சிங்கம் மறைந்துவிடும். பீட்டர் நம்ப மாட்டான், சூசன் நம்ப மாட்டாள். எட்மண்ட் மட்டும், போன தடவை லூசியை நம்பாமல் தான் அசடாகிப் போனதை நினைவுபடுத்தி அவள் பக்கம் நிற்பான்.

நீங்கள் முதல் கதையைச் சொல்ல வைத்தது இதற்காகத்தான். எங்கள் சின்னவன் இந்த இடத்தில் சோபாவிலிருந்து இறங்கி டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். முதல் படத்தில் எட்மண்ட்மேல் அவனுக்கு அவ்வளவு கோபம். இப்போது, "எட்மண்ட் நல்லவனாயிட்டான்" என்று என்னிடம் திரும்பி அழுத்தமாகச் சொன்னான்.

மூத்தவர்கள் இருவரும் நம்பாமல் போவதால் எல்லாரும் வேறு வழியில் போய், ஆற்றைக் கடக்க முடியாமல் திரும்பி வருவார்கள். லூசி அஸ்லானைப் பார்த்த இடத்துக்கு நேரே போய் நிற்பாள், மண் சரியும், அதன் அடியில் இறங்குவதற்கு வழி இருக்கும். இங்கே படத்தை நிறுத்தி விளக்கம் கொடுக்கத் தோன்றும். கொடுக்காதீர்கள்.

இடைவேளை எங்கே

பீட்டரும் காஸ்பியனும் சந்தித்த பிறகு எல்லாரும் அஸ்லானின் மேடு என்ற பழைய கற்கட்டடத்துக்குப் போவார்கள். சுவரெல்லாம் முதல் கதையின் காட்சிகள் செதுக்கப்பட்டிருக்கும். உள்ளே பிளந்துபோன கல்மேசை. முதல் கதையில் அஸ்லான் உயிரைக் கொடுத்து மீண்டெழுந்த அதே மேசை. இங்கேதான் இடைவேளை. டீ, சுண்டல், பாத்ரூம் எல்லாம் முடித்துக்கொள்ளுங்கள். சுவரில் என்னென்ன இருந்தது என்று பிள்ளைகள் தாமாகவே பேசிக்கொள்வார்கள்.

இதற்குப் பிறகு வருவது கடினமான பகுதி. அஸ்லானுக்காகக் காத்திருந்தது போதும் என்று பீட்டர் முடிவு செய்து, மிராஸின் கோட்டைமேல் இரவில் படையெடுப்பான். இந்தப் படையெடுப்பு புத்தகத்தில் இல்லை, படத்துக்காகச் சேர்த்தது. திட்டம் தவறிப்போகும். மிராஸ்தான் தன் அப்பாவைக் கொன்றவன் என்று தெரிந்து காஸ்பியன் நிலை தடுமாறுவான். பீட்டர் பின்வாங்க மறுப்பான். கடைசியில் கோட்டைக் கதவு விழாமல் காளைத்தலை வீரன் ஒருவன் தோளில் தாங்கிப் பிடிப்பான். அவனால் முடியாமல் போகும்போது, பாதிப் படை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். வெளியே நிற்கும் பீட்டர் கம்பிகளுக்கு அப்பால் அவர்களைப் பார்ப்பான்.

படத்தில் ரத்தத்தைப் பெரிதாகக் காட்ட மாட்டார்கள். ஆனால் இது மனதைப் பிழியும். இரவில் பார்த்துவிட்டு இதோடு தூங்கப் போகக் கூடாது என்பதால்தான் மதியம் ஆரம்பிக்கச் சொன்னேன். இந்த இடத்தில் நிறுத்தவும் கூடாது. ஓடவிடுங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். "அவங்க என்ன ஆவாங்க?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், அவர்கள் இறந்துபோவார்கள் என்று. பெரியவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "பீட்டருக்கு யார்கிட்டயாவது ஸாரி கேட்கணும்னு இருக்கும்ல" என்றாள். படையெடுப்பைச் சேர்த்ததற்காக இந்தப் படத்தைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியான சேர்க்கை என்றுதான் படுகிறது. ஒரு காலத்தில் ஜெயித்தோம் என்பதற்காக இப்போதும் ஜெயிப்போம் என்று நினைத்த பையனுக்கு என்ன ஆனது என்பதை அது காட்டிவிடுகிறது.

அடுத்து வரும் பனிச்சுவர்க் காட்சி சிறு பிள்ளைகளைப் பயமுறுத்தும். தோற்றுப்போன கசப்பில் நிகாப்ரிக் என்ற குள்ளன் ஓநாய் மனிதனையும் ஒரு கிழவியையும் கூட்டிவந்து வெள்ளைச் சூனியக்காரியை எழுப்பப் பார்ப்பான். டில்டா ஸ்விண்டன் பனிக்குள்ளிருந்து கை நீட்டுவார். "அவ வெளியே வர மாட்டா" என்று சின்னப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கதை கெட்டுப்போகாது. யார் தடுக்கப் போகிறார்கள் என்பதுதான் இங்கே விஷயம். பீட்டரே ஒரு நொடி மயங்கி நிற்கும்போது, பனி பின்னாலிருந்து உடையும், வாளோடு எட்மண்ட் நிற்பான். முதல் படத்தில் அவளிடம் தின்பண்டத்துக்கு விலைபோன அதே பையன். ரயில் நிலையச் சண்டையில் அவன் உதவிக்கு வந்தபோது, தானே சமாளித்திருப்பேன் என்று பீட்டர் எரிந்து விழுந்திருப்பான். இப்போது எட்மண்ட் அதையே அவனுக்குத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போவான். பெரிய பிள்ளைகள் இதைப் பிடித்துவிடுவார்கள்.

ஒரு சின்னச் செய்தி, நடிகர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்படும் பிள்ளைகளுக்கு: நிகாப்ரிக்காக நடித்த வார்விக் டேவிஸ், 1989-இல் பிபிசி இதே கதையைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது ரீப்பிச்சீப்பாக நடித்தவர்.

கடைசி அரைமணி

பீட்டருக்கும் மிராஸுக்கும் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டை, அப்புறம் பெரும்போர். இதற்கு என் உதவி எதுவும் தேவையில்லை. மரங்கள் எழுந்து வருவதையும் ஆறு எழுந்து நிற்பதையும் பிள்ளைகள் வாயைத் திறந்தபடி பார்ப்பார்கள்.

இரண்டு இடங்களில் மட்டும் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லுங்கள். ஒன்று, காட்டில் லூசி அஸ்லானைச் சந்திப்பது. நீ ஏன் போன முறை மாதிரி வந்து எங்களைக் காப்பாற்றவில்லை என்று அவள் கேட்பாள். எதுவும் இரண்டாம் முறை அதே மாதிரி நடப்பதில்லை என்ற பொருளில் அவன் பதில் சொல்வான். இந்தக் கதை மொத்தத்துக்கும் சாவி அதுதான். இன்னொன்று, பாலத்தின் முனையில் ஒரு படையே எதிரில் வர, லூசி தன்னந்தனியாக நின்று தன் சின்னக் கத்தியை உருவுவது. கத்தி எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளுக்கு இப்போது தெரியும்.

ரீப்பிச்சீப் வாலை இழந்து அஸ்லான் முன் நிற்கும்போது தாராளமாகச் சிரிக்கட்டும். அவனுடைய ஆட்கள் அத்தனை பேரும் தங்கள் வாலையும் வெட்டிக்கொள்ள வாளை உருவும்போது அந்தச் சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிடும்.

முடிந்த பிறகு

பீட்டரும் சூசனும் இனி நார்னியாவுக்குத் திரும்ப முடியாது என்று அஸ்லான் சொல்லிவிடுகிறான், அவர்கள் வளர்ந்துவிட்டார்கள். பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இதுதான் படத்தின் கனமான செய்தி. பெரியவள், "அது நியாயமே இல்ல" என்று சண்டைக்கு வந்தாள். சமாதானம் சொல்ல அவசரப்படாதீர்கள். "உனக்கு ஏன் நியாயமில்லைன்னு தோணுது?" என்று கேட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருங்கள். சின்னவனுக்கு அந்தக் கவலை இல்லை, அவனுக்கு டார்ச்தான் முக்கியம். எட்மண்ட் அதை நார்னியாவிலேயே விட்டுவிட்டு வந்ததைக் கடைசியில் சொல்வான் அல்லவா, அதை அங்கே யார் கண்டெடுப்பார்கள், பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வார்கள் என்று சாப்பாட்டு நேரம் முழுக்கப் பேசினான்.

அஸ்லானை லூயிஸ் தன் கிறிஸ்தவ நம்பிக்கையிலிருந்து எழுதினார். பிள்ளைகள் கேட்டால் சொல்லுங்கள். கேட்காவிட்டால், அவர்களுக்கு அவன் ஒரு பெரிய அன்பான சிங்கமாகவே இருக்கட்டும்.

மறுநாளிலிருந்து புத்தகத்தின் நாலாம் அத்தியாயத்தைத் தொடருங்கள். படத்துக்குப் பிறகு படித்தாலும் சுவை குறையாது. படையெடுப்பைக் காணோமே என்று தேடுவார்கள். படத்தில் இல்லாத விருந்தும் கூத்தும் கடைசி அத்தியாயங்களில் வரும். எதை விட்டார்கள், எதைச் சேர்த்தார்கள் என்று இரண்டு பக்கமும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. யாருக்காவது புதிதாக ஒன்று தோன்றினால் எழுதிவிட்டுப் போவார்கள்.

மூன்றாவது படம் 2010-இல் வந்தது, கடல் பயணக் கதை. இயக்குநர் மைக்கேல் ஆப்டெட். அதில் பயணம் போவது எட்மண்டும் லூசியும், கூடவே யூஸ்டஸ் என்ற எரிச்சலூட்டும் உறவுக்காரப் பையனும். அதற்கும் இதே வழிதான்: முதலில் இரண்டு அத்தியாயம், அப்புறம் படம். காஸ்பியனின் பேச்சு மட்டும் அதில் மாறியிருக்கும். அந்த டெல்மரீன் உச்சரிப்பைக் கைவிட்டுவிட்டார்கள். பிள்ளைகள் கண்டுபிடிக்கிறார்களா என்று பாருங்கள்.